மலருக்குக் கேட்ட நாலு வரி

காரமடை,
ஞாயிற்றுக்கிழமை.

கனடாவில் இருக்கும் நந்திதா அம்மணிக்கு, உங்கள் மில்லில் முப்பத்தோரு வருஷம் பஞ்சுப் பேல் மூட்டை இறக்கிய கருப்புசாமி வணக்கம் சொல்லி எழுதுவது.

உங்கள் தாத்தா பாலுசாமி பெயரில் மில்லுக்குள் நடக்கும் இலவசக் கண் முகாமில், பார்வை குறைந்தவர்கள் என்று எழுதிய பட்டியல் மறுநாளே மேனேஜர் மேசைக்குப் போனது. அதில் இருந்த, கழிவுப் பஞ்சு பொறுக்கும் பதினோரு பெண்களையும் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இது முதல் முகாமில் நடந்த அநியாயம். இரண்டாம் முகாமில் நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் ஃபோனில், "தாத்தா, முகாமோட மூணாவது வருஷ மலருக்கு நாலு வரி வாழ்த்து எழுதிக் குடுங்க, பழைய ஆளு நீங்க சொன்னா நல்லாருக்கும்" என்று கேட்டீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பேல் மேல் அடித்திருக்கும் எழுத்தையும் பஸ் போர்டையும் பார்த்துப் பார்த்துப் படித்தவன். எனக்கு வாழ்த்து எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

அந்தப் பதினோரு பேரில் வெங்கடம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரு கண்ணாடி மட்டும். முகாமில் கண்ணாடியும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு இப்போது கறிவேப்பிலை உருவும் கூலிக்குப் போகிறார். நான் மேனேஜர் திருமலைசாமியிடம் போய்க் கேட்டேன். "பெரியவரே, கண்ணு தெரியாம மெஷின்ல கையக் குடுத்துட்டா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார். கழிவுப் பஞ்சு பொறுக்கும் இடத்தில் மெஷினே இல்லை. அதைச் சொன்னேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அடுத்த வருஷம் முகாம் என்றதும் மற்றப் பெண்களுக்குப் பயம் வந்துவிட்டது. பெஞ்சு தூக்கிப் போடுகிற சாக்கில் நான் முந்தின நாளே உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். மறுநாள் காலை மில் வேனில் வந்த பதினெட்டுப் பேருக்கும் அதைக் கும்மி மெட்டில் சொல்லிக்கொடுத்தேன். கைதட்டிக்கொண்டே படித்தார்கள். வேன் ஓட்டும் அனீஸ், "ஏனுங்க அண்ணா, எனக்கும் நாலு தடவ சொல்லிக் குடுங்க, லைசென்ஸ் புதுப்பிக்கறதுக்கு ஆகும்" என்றான். வேனே சிரித்தது. எல்லோரையும்விடச் சீக்கிரம் படித்தவள் என் வீட்டுக்காரி மாசாணியம்மாள். முதல் முகாம் அன்று பவானியில் ஒரு சாவுக்குப் போயிருந்ததால் தப்பியவள் அவள். இந்தத் தடவை வலது கண்ணை மூடச் சொன்னபோதும் இடது கண்ணை மூடச் சொன்னபோதும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். "உங்களுக்கு எங்களவிட நல்லாத் தெரியுதுங்க பாட்டி" என்று அந்தப் பரிசோதனைப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தது பலகையைப் படிக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் மாசாணி குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். "தட்டத் தள்ளி வெச்சுப்போட்டு என்னையச் சொல்லாதீங்க" என்றாள். நானும் தட்டை நகர்த்திக்கொண்டேன். அப்புறம் இன்னொரு நாளும் ஊற்றினாள். கோயம்புத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் போய்விட்டது, திரும்பாது. இடது கண்ணில் நடுவே மட்டும் தெரிகிறது. போன வருஷமே பார்த்திருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கலாம், யாரும் பார்க்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். "பாத்தாங்களே. ஒரு எழுத்து உடாமப் படிச்சு பாஸ் பண்ணிப்போட்டேனுங்க" என்றாள் மாசாணி. பெருமையாகச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சொல்லிக்கொடுத்தவன் நான். அதை நான் சுமக்கிறேன். ஆனால் உங்கள் மில் சுமக்க வேண்டியதையும் சேர்த்து என் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன்.

அவள் ஒப்பந்தக் கூலி. இ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. சொட்டு மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தால் தருகிறார்கள், இல்லாவிட்டால் வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு அங்கே வரிசை நீளம். தனியாரில் உடனே செய்யலாமா என்று கேட்க, முகாமுக்காக நீங்கள் நடத்தும் அறக்கட்டளை ஆபீசுக்குப் போனேன். "எங்க நிதி கண்புரைக்கு மட்டுந்தானுங்க, அழுத்தத்துக்கு இல்லீங்க" என்றார் அங்கே இருந்த பெண். இந்த நோய்தான் வேண்டுமென்று நாங்கள் கேட்டு வாங்கவில்லை அம்மணி என்று சொல்லிவிட்டு வந்தேன். புரை எடுத்தவர்களைப் பச்சைத் துணி கட்டி வரிசையாக உட்கார வைத்தால் மலருக்குப் படம் வரும். வாழ்நாள் முழுக்கச் சொட்டு விடுகிறவளை என்ன படம் எடுப்பது?

மாசாணி இன்னும் வேலைக்குப் போகிறாள். வேனிலிருந்து இறங்கி எத்தனை அடி, எங்கே திரும்ப வேண்டும் என்று எண்ணி வைத்திருக்கிறாள். "மில்லுல யாருகிட்டயும் மூச்சு உட்டுறாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்த நிமிஷம் முதல் அவள் வேலை உங்கள் கையில் இருக்கிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இனி ஆக வேண்டியது. முகாம் பட்டியல் மில் ஆபீசுக்குள் போகக் கூடாது என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். புரைக்கு மட்டும் என்கிற விதியை எடுக்க வேண்டியதும் நீங்கள்தான். டாக்டர் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். இடது கண் ஆபரேஷன் இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்க உங்கள் அப்பா உத்தரவு போட வேண்டும். திருமலைசாமி அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் தானே போய் வேலைக்குக் கூப்பிட வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. முகாம் டாக்டர்கள் எழுத்தைப் படித்தவர்களின் கண்ணையும் உள்ளே பார்க்க வேண்டும். நான், பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அதை மறந்துவிடச் சொல்ல வேண்டும். ஒன்பது வீடு முடிந்தது. என் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்வேன்.

மாசாணி செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த மாதம் அந்தப் பலகை முன் நின்று, வாயில் வரும் கும்மியை அடக்கிக்கொண்டு, "தெரியலீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அனீஸ் வேனில் ஏற வேண்டும்.

இப்படிக்கு,
மா. கருப்புசாமி