விபூதி தேய்த்த ரூபாய்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். கரண்ட் இரண்டு முறை போனது. செய்ய வேண்டியவை: லென்ஸ் துடைக்க. மேஜை விளக்குக்குப் பல்பு. காசு போடும் உறை ஒரு கட்டு.

கொரியர் இன்னும் வரவில்லை. ஏழுமலை அண்ணனின் பன்னிரண்டு காசுகளும் கிரேடிங் கம்பெனிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. தேய்மானம் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் என் எண்ணை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்கே பார்க்க வேண்டும்.

மருந்துக்கடை பாஸ்கர் சார் வந்தார். ஒரு வருடமாகத்தான் பழைய காசு சேர்க்கிறார். நல்ல நவாப் காசு ஒன்றை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. டப்பாவில் இல்லாத காசு வேண்டாமாம். பதினெட்டு வருடம் பேங்க் கவுண்டர், பதினோரு வருடம் இந்தக் காசுக்கடை. என் கண்ணுக்கு ஒரு டப்பா மதிப்புக்கூட இல்லையா? கோபம் வரவில்லை. சிரிப்புத்தான்.

ஜூன் 5, வியாழன்

நல்ல காற்று. கடை வாசல் முழுக்கப் புழுதி.

ஏழுமலை அண்ணன் வந்தார். திருவண்ணாமலை ரூட்டில் முப்பது வருடம் கண்டக்டர். டிக்கெட் பையில் விழுந்த காசுகளில் ஆரம்பித்த பழக்கம், இப்போது வீட்டில் ஒரு பீரோ. 15ஆம் தேதி விழுப்புரத்தில் கண்காட்சி. முதல்முறையாக மேஜை எடுத்திருக்கிறார். நடுவில் வைக்கப் போவது 1862 ராணி தலை ரூபாய். நான் விற்றது. என் நோட்டில் அதற்குத்தான் பெரிய எண்: 63.

எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். "செல்வி பாத்தா பாத்ததுதான்னு சொல்லி வச்சிருக்கேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கொரியர் வந்தது. போன் செய்ததும் அண்ணன் அரை மணியில் வந்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பக்கத்தில் என் நோட்டு.

முதல் ஒன்பதும் அச்சு அசலாக என் எண். அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டார். அடுத்த இரண்டில் ஒன்று கூட, ஒன்று குறைய. கடைசியாக ராணி.

எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில், தேய்த்துச் சுத்தம் செய்த காசு என்று அச்சடித்திருந்தது. அப்படி வந்தால் காசு நிஜம்தான், ஆனால் சேர்ப்பவர்கள் தள்ளி வைத்துவிடுவார்கள்.

கம்பெனி தப்பாகப் பார்த்திருக்கிறது என்றேன். அண்ணன் டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். தலைவலி மாத்திரை கொடுக்க வந்த பாஸ்கர் சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் காசு சேர்ப்பவர்கள் வாட்ஸப் குரூப்பில் அவர் எழுதியது: "செஞ்சிக் கடையில் கழுவின காசு. ஜாக்கிரதை." என் பெயர் இல்லை. செஞ்சியில் வேறு காசுக்கடையும் இல்லை.

மாத்திரை போட்டேன். அவர் கொடுத்ததுதான்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பெனிக்குக் கடிதம். ஒன்றரைப் பக்கம். காரமாக.

அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்போம் என்று டப்பாவை எடுத்தேன். மேஜை விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. மணி நாலு இருக்கும், வாசலில் சாய்வாக வெயில். அதில் வைத்து மெல்லத் திருப்பினேன்.

ராணியின் கன்னத்தில் மெல்லிய கோடுகள். வட்ட வட்டமாக. விரலால் தேய்த்த கோடுகள்.

உட்கார்ந்துவிட்டேன். பனமலையில் ஒரு வீட்டில் வாங்கியது. பூஜை அலமாரியிலிருந்து அந்த அம்மா எடுத்துக்கொடுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. வெள்ளிக்கு வெள்ளி விபூதி போட்டுத் தேய்த்திருப்பார்கள். வேறு எந்த வீட்டுக் காசாக இருந்தாலும் தேய்த்தீர்களா என்று கேட்டிருப்பேன். இதன் பளபளப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கடிதத்தைக் கிழித்தாயிற்று.

ஜூன் 11, புதன்

கடை லீவு. பஸ் பிடித்துத் தளவானூர். அண்ணன் வீட்டில் கம்பு காய்ந்துகொண்டிருந்தது. லட்சுமி அண்ணி மோர் கொடுத்தார்.

சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, காசை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"இன்னா செல்வி, கம்பெனிக்காரன் சொன்னான்னு நீயும் ஒத்துக்கிறியா?"

"அவன் சொன்னதுக்காக இல்லண்ணா. நானே பாத்துட்டேன்."

வாசலுக்குக் கூட்டிவந்து வெயிலில் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அப்ப வீட்ல இருக்கிற மத்ததெல்லாம்? நீ சொல்லித்தான வாங்கினேன்."

இதற்குத்தான் வந்திருந்தேன். பீரோவைத் திறக்கச் சொன்னேன். வெள்ளி மட்டும் நாற்பத்திரண்டு. வாசல் வெயிலிலேயே உட்கார்ந்து பார்த்து முடித்தோம். இன்னும் ஒன்று தேய்த்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றில் கோடு இல்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அண்ணி தான் தேய்த்து வைத்த பூஜை விளக்கைப் பார்த்துக்கொண்டே, நல்லவேளை இவரு பீரோ சாவிய என்கிட்ட குடுக்கல என்றார். அண்ணன் அப்போதுதான் சிரித்தார்.

ஜூன் 12, வியாழன்

குரூப்பில் நானே எழுதினேன். மூன்று வரி. அந்தக் கடை என்னுடையது. தேய்த்த காசைக் கவனிக்காமல் விற்றது நான். என்னிடம் வெள்ளிக் காசு வாங்கியவர்கள் கொண்டு வந்தால் திரும்பப் பார்த்துத் தருகிறேன், தேய்த்ததாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். செல்வி, செஞ்சி.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மத்தியானம்வரை ஒரு பதிலும் இல்லை. பிறகு மேல்மலையனூரிலிருந்து ஒருவர்: நாளை வரலாமா?

ஜூன் 14, சனி

இரண்டு நாளில் ஒன்பது பேர். மொத்தம் முப்பத்தொரு காசு. தேய்த்தவை இரண்டு. ஒருவர் திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர், எனக்கு இதுதான் பிடிச்சிருக்குது, இருக்கட்டும் என்று உறையில் போட்டுக்கொண்டு போனார்.

வந்த யாரும் சத்தம் போடவில்லை. பயந்துகொண்டிருந்தேன் என்பதை இப்போது எழுதலாம்.

வாங்க: பல்பு (மறுபடி மறந்தாயிற்று).

ஜூன் 15, ஞாயிறு

விழுப்புரம். கல்யாண மண்டபம், மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடவில்லை.

அண்ணன் மேஜையின் நடுவில் ராணிக்குப் பதிலாக ஒரு இரண்டு ரூபாய். அச்சு தவறி, பாதி விலகி விழுந்தது. பல வருடம் முன் வேட்டவலத்தில் ஏறிய ஒரு அம்மா டிக்கெட்டுக்குக் கொடுத்ததாம். என் நோட்டில் ஒன்று குறைத்துப் போட்டிருந்தேன். கம்பெனி கூட்டிக் கொடுத்தது. மற்ற மேஜைகளில் ராஜாக்கள் காசு. இங்கேதான் கூட்டம். எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிற இரண்டு ரூபாய் அல்லவா. அண்ணன் ஒவ்வொருவருக்கும் அந்த டிக்கெட் கதையை முதலிலிருந்து சொன்னார். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

கடை திறந்ததும் பாஸ்கர் சார். கையில் மாத்திரைக் கவர், உள்ளே ஏழு காசு. டப்பா கிடையாது.

"எதெல்லாம் அனுப்பலாம்னு நீங்க பாத்து சொல்லுங்க மேடம்."

குரூப்பில் அவர் எழுதியதைப் பற்றி நான் பேசவில்லை. அவரே சொன்னார்: "தப்புன்னு நீங்களே போட்டீங்க. வேற யாரு போடுவாங்க?"

வாசலுக்கு அழைத்துப்போய், எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். இரண்டை அனுப்பலாம். நான்கு சும்மா வைத்துக்கொள்ளலாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் பிரித்து வைத்தார். ஏழாவதில் கோடு கோடாக, தாறுமாறாக. யார் தேய்த்தது என்று கேட்டேன்.

அந்த ஒன்றை மட்டும் எடுத்து மாத்திரைக் கவரில் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான்தான். பல்பொடி போட்டு."