மின்விசிறியிடம் தன்னை ஒப்படைக்க மறுத்த உள்நோயாளியின் பொருட்டு

அனுப்புநர்:
வேதியியலாளர், குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்
(ஆண்கள் பிரிவில் ஜன்னலோரப் படுக்கையில் உள்ள கிரேன் ஓட்டுநரின் அக்கா)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
போதை மீட்பு மையங்களின் மேற்பார்வை அலுவலகம்

பொருள்: காலைக் கூட்டத்தில் ஒப்படைப்பு உறுதிமொழியைச் சொல்லாததால் என் தம்பியை வரும் வெள்ளிக்கிழமை வெளியேற்றும் முடிவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. என் தம்பி சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுபவன். குடித்துவிட்டு மேலே ஏறியதற்காக வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டான். நல்லவேளையாக அன்று யாருக்கும் அடிபடவில்லை. சிகிச்சையை முடித்ததாக மையம் சான்று தந்தால்தான் மீண்டும் கிரேனில் ஏற முடியும். மையத்துக்கு அவனை நாங்கள் இழுத்து வரவில்லை. தானாகவே வந்து சேர்ந்தான்.

2. மையத்தில் நாள்தோறும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, கைகோத்து, 'என்னைவிடப் பெரிய சக்தியிடம் என்னை ஒப்படைக்கிறேன்' என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எந்த மதத்தவரும் சங்கடப்படக் கூடாது என்றே கடவுளின் பெயரை எடுத்துவிட்டுச் 'சக்தி' என்று வைத்ததாக ஆலோசகர் விளக்கினார். நல்ல எண்ணம்தான். அந்தச் சக்தி எதுவென்று அவரவரே தேர்ந்துகொள்ளலாம். பக்கத்துப் படுக்கைத் தச்சர் வாசலில் நிற்கும் மரத்தைத் தேர்ந்திருக்கிறார். அவருடைய கைநடுக்கம் நின்றிருக்கிறது. மரத்தாலா, மருந்தாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை.

3. என் தம்பி அந்த ஒரு வரியை மட்டும் சொல்வதில்லை. எங்கள் குடும்பச் சமயத்தில் இறைவன் ஒருவனே. அவனுக்கு ஈடாக வேறெதையும் வைப்பது பெரும்பாவம். 'உன் கடவுளையே நினைத்துக்கொண்டு சொல்லேன்' என்று கேட்டிருக்கிறார்கள். மரத்தோடும் நாற்காலியோடும் கடவுளை வரிசையில் நிறுத்தித் தேர்ந்தெடுக்கத் தன்னால் முடியாது என்றிருக்கிறான். பலமுறை சொல்லிப் பார்த்த ஆலோசகர், கடைசியில், 'ஒண்ணும் கிடைக்கலைன்னா இந்த ஃபேனையாவது நினைச்சுக்கப்பா. கரண்ட் இருக்கிறவரைக்கும் உன்னைக் கைவிடாது' என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தம்பியும் சிரித்துவிட்டு, 'போதை தலைக்கேறிக் கிடந்தப்பகூட நான் வேற எதையும் கும்பிட்டதில்ல சார். தெளிஞ்சப்புறம் ஃபேனைக் கும்பிடச் சொல்றீங்களே' என்றிருக்கிறான். அன்று மாலையே, சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவன் என்று முடிவாகிவிட்டது.

4. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. படிக்கும் காலத்திலேயே போய்விட்டது; அதற்காகத் தம்பி என்னோடு சில காலம் பேசாமலும் இருந்தான். எனவே அவன் சமயத்துக்காக வாதாட நான் பொருத்தமானவள் அல்ல. குடிப்பவர்களின் சாக்குகளும் எங்கள் வீட்டுக்குப் புதியவை அல்ல. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். 'சொல்லித் தொலையேன்டா, உன் மனசுக்குள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறாங்க' என்று பார்வையாளர் அறையில் கடிந்துகொண்டேன். 'நீ சொல்லிடுவேக்கா. உனக்கு அது வெறும் வார்த்தை' என்றான்.

5. அவன் சொன்னபடியே ஆயிற்று. ஞாயிறன்று நடந்த குடும்பத்தினர் கூட்டத்தில் நானும் வட்டத்தில் நின்றேன். என் முறை வந்தபோது தடங்கலில்லாமல் சொன்னேன். கைதட்டினார்கள். 'மேடம் எவ்வளவு மனசார ஒப்படைச்சாங்க பாருங்க' என்று ஆலோசகர் என்னை உதாரணமாகக் காட்டினார். என் கை தம்பியின் கைக்குள் இருந்தது. அவன் அதை மெல்ல அழுத்தினான். சிரிப்பை அடக்குகிறான் என்று புரிந்தது. அடுத்து அவன் முறை. வாய் திறக்கவில்லை. அவனுக்கு யாரும் கைதட்டவில்லை.

6. குடிக்காக அவன் எங்களிடம் சொல்லாத பொய் கிடையாது. சித்தப்பா உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டதாகச் சொல்லி விடுப்பு எடுத்தவன். உண்மை பேசுவதே சிகிச்சையின் முதல் படி என்று மையத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. ஒரே ஒரு பொய்யைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்ற நிலையில் அவன் அதைச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத்தில் தண்ணீரைத்தான் சோதிக்கிறோம். பாட்டிலின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுச் சான்று தருவதில்லை. மையத்து மருத்துவரும் செவிலியரும் அவன் தேறி வருவதாகவே சொல்கிறார்கள்.

7. எனவே, அந்த வரி வரும்போது அவன் மௌனமாக நிற்க அனுமதிக்குமாறும், மருந்தையும் ஆலோசனையையும் தொடருமாறும், அவன் குடிக்காமல் இருக்கிறானா என்பதைக் கொண்டே சான்று வழங்குமாறும் வேண்டுகிறேன். மற்றொரு மையத்துக்குப் போகலாமே என்றார்கள். அது இன்னொரு மதத்தாரின் வழிபாட்டு இடத்தோடு சேர்ந்தது.

8. இம்மனுவை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆலோசகரைக் குறை சொல்லும் பத்தியை எடுக்கச் சொன்னான். 'நான் நடுங்கினப்ப விடிய விடியப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்த மனுசன்க்கா அவர்' என்றான். எடுத்துவிட்டேன்.

9. மையத்தின் வாசலில் இறங்கினால் வலப்பக்கம் பேருந்து நிறுத்தம், இடப்பக்கம் மதுக்கடை. வெள்ளிக்கிழமை அவனை வெளியே அனுப்பினால் நான் வாசலில் நிற்பேன். நான் நிற்பது மட்டும் போதாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் தங்கள் உத்தரவு வர வேண்டும்.

இடம்: மையத்தின் பார்வையாளர் அறை
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
உள்நோயாளியின் அக்கா