அம்மா போடாத கையெழுத்து

12.3.2004, வெள்ளி. ஓடைப்பட்டி.

இயக்குநர்கள் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தால் நூற்பாலை லாபத்தில் நடக்கிறதா என்பதுதான் என் ஆய்வு. மாமா மில்லின் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துகூட விடுபடவில்லை. அம்மாவும் அங்கே ஓர் இயக்குநர்.

பல்கலைக்கழக விடுதியிலிருந்து நேற்றுதான் வந்தேன். இன்று காலை மில் டிரைவர் அதே பதிவேட்டை அம்மாவிடம் நீட்டினார்.

"போகாத கூட்டத்துக்கு இனிமே கையெழுத்து இல்லப்பா. எம் மக இதத்தான் எண்ணிப் படிக்கிறா."

"மொதலாளி கோவிச்சுக்கிருவாகக்கா."

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த கூட்டம் என்னைக்குன்னு கேட்டுச் சொல்லு, வாரேன்."

மாமா வீட்டில் என் கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. என்ன ஆகுமோ.

என் ஆய்வு அட்டவணையில், ஒரு கூட்டத்துக்கும் போயிராத அம்மாவின் முழு வருகையை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். இத்தனை பெருமையாக நான் எந்த எண்ணையும் எழுதியதில்லை.