முதல் கை

வில்லாபுரம், மதுரை
12-12-1937

அன்புள்ள அண்ணன் சோணை அவர்களுக்குத் தங்கை அன்னக்கொடி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பையன்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணி சோலையம்மாளும் சுகம் என்பதை உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கார்த்திகைக்கு எழுதுகிறேன் என்றீர்கள். கார்த்திகை விளக்கு அணைந்தே பல நாளாகிவிட்டது. மறுபடியும் பஞ்சாயத்து போர்டு மெம்பர் ஆனவுடன் தங்கச்சிக்குக் கடுதாசி போட நேரமில்லையாக்கும்.

பெரியவன் மலையாண்டி பரீட்சையில் இரண்டாவதாக வந்திருக்கிறான். பையன்கள் படிப்புக்காக ஊரை விட்டு இங்கே குடி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. "உங்க அப்பா யாருப்பா?" என்று வாத்தியார் கேட்டாராம். "கருங்காலிப்பட்டி பஞ்சாயத்து பிரசிடெண்டு" என்றானாம். வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

தை பிறப்பதற்கு முன்னால் பிரசிடெண்ட் தேர்தல் என்றும், இந்தத் தடவை மளிகைக்கடை முகைதீன் பிச்சை ராவுத்தரும் நிற்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். நிற்கட்டும். காதுகுத்துக்கு மாமன் மடி, கல்யாணத்துக்கு மாமன் மாலை, பிரசிடெண்ட் தேர்தலுக்கு மாமன் கை என்று நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. மூன்று தடவையும் என் பிள்ளைகளின் தாய்மாமன் நீங்கள் கை தூக்கிய பிறகுதானே மற்றவர்கள் தூக்கினார்கள்? ஏழு மெம்பர்களில் மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம் என்கிறார்கள். ஏழாவது கை என் அண்ணன் கை. எனக்கு என்ன கவலை!

பூக்கடையில் சம்பங்கி மாலைக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். பிரசிடெண்ட் கழுத்தில் அது விழ வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள தங்கை
அன்னக்கொடி


கருங்காலிப்பட்டி
18-12-1937

செல்லத் தங்கை அன்னக்கொடிக்கு அண்ணன் சோணை எழுதியது.

உன் கடிதம் வந்தது. நான் எழுதாமல் இருந்ததற்கு வேலை காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதுதான் உண்மை. மலையாண்டிக்கு என் முத்தம். அடுத்த பரீட்சையில் முதலாவதாக வந்தால் மாமன் ஒரு கிடாய்க்குட்டி தருகிறேன் என்று சொல். வில்லாபுரத்தில் அதை எங்கே கட்டுவது என்பது உன் பாடு.

மாப்பிள்ளை வெள்ளைத்துரையைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டாம்பட்டி ரோட்டிலிருந்து நம் ஊருக்குள் கப்பி ரோடு வந்தது அவரால். பள்ளிக்கூடம் அவரால். வெளியூர்க்காரன் எவனாவது ரோட்டைப் பார்த்து வாய் பிளந்தால், "எங்க மாப்ள போட்டது" என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் தாயி, இந்தத் தடவை கை கனக்கிறது. உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது.

ஆடியில் வாந்திபேதி வந்ததே, முதல் நாளே நான் நம் வண்டிக்காரன் தவசியிடம் சீட்டுக் கொடுத்து வில்லாபுரத்துக்கு அனுப்பினேன். ஊசி போட டாக்டர் வரவேண்டுமானால் பிரசிடெண்ட் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும் என்றார்கள். தவசி திரும்பி வந்து, "வீட்ல குடுத்துட்டேண்ணே" என்றான். அன்றைக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ராவுத்தர்தான் தன் கடலைக் கிட்டங்கியைக் காலி செய்து நோயாளிகளைப் படுக்க வைத்தார். அவர் மனைவி ஹாஜரா அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினாள். ராவுத்தர் பஸ் ஏறிப் போய், யார் யார் காலையோ பிடித்து, கையெழுத்து இல்லாமலே டாக்டரைக் கூட்டி வந்தார். அது மூன்றாம் நாள் மத்தியானம். அன்றைக்குக் காலையில்தான் உன் கூட்டாளி மாயக்காள் செத்துப்போனாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். வந்த பிறகு பத்து நாள் கண் மூடாமல் உழைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏன் இரண்டு நாள் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

அண்ணன்
சோணை


வில்லாபுரம்
22-12-1937

அண்ணன் அவர்களுக்கு,

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறீர்களே, கேட்க வாய் எப்படி வந்தது? கப்பி ரோட்டில் நடக்கிற கால் உங்களுடையது. பள்ளிக்கூடத்தில் படிப்பது உங்கள் கொழுந்தியாள் பிள்ளைகள். பத்து வருஷம் செய்தது எல்லாம் இரண்டு நாளில் கரைந்து போயிற்றா? ஆம்பிளைக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். இங்கே மதுரைக் கோரிப்பாளையத்தில் சொந்தக்காரர்கள் கூட்டம் வைத்திருக்கிற ராவுத்தருக்கு டாக்டரைப் பிடிக்க வழி இருந்தது, பிடித்தார். அதற்காக ஊரையே தூக்கிக் கொடுப்பதா?

அண்ணன் கை எழவில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? "பொண்டாட்டி கூடப்பொறந்தவனே நம்பல" என்பார்கள். என் பிள்ளைகள் தலை குனிந்து பள்ளிக்கூடம் போக வேண்டும்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கை என் வீட்டுக்காரருக்கு எழவில்லை என்றால், நீங்கள் அனுப்புகிற பொங்கல் சீர் என் வாசலில் இறங்காது. வந்த வண்டியை அப்படியே திருப்பி விடுவேன். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் ஒரு பொங்கல்கூடப் பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் நான் பானை வைத்ததில்லை. இந்த வருஷம் வைக்கிறேன்.

அன்னக்கொடி


கருங்காலிப்பட்டி
27-12-1937

அன்னக்கொடி,

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. ஏழு வயதில் கம்மாய்க்கரையில் என்னைத் தள்ளிவிட்டவள் நீ.

சீர் வழக்கம்போல வரும். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பத்துக் கரும்பு, உனக்குச் சேலை. அரக்கு நிறத்தில் எடுக்கலாம் என்கிறாள் உன் அண்ணி. இறக்குவதும் திருப்புவதும் உன் இஷ்டம். அனுப்புவது என் கடமை, அதை நீ தடுக்க முடியாது.

கை விஷயம் ஜனவரி பத்தாம் தேதி தேர்தலன்று பள்ளிக்கூடத்தில் தெரியும். அதுவரை என்னை விட்டுவிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய், மாயக்காள் பெயர் மட்டும் அதில் இல்லை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நாற்று நட்டவர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

சோணை


வில்லாபுரம்
3-1-1938

அண்ணே,

நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

மாயக்காள் பெயரை நான் எழுதவில்லை. எழுத என் கைக்கு யோக்கியதை இல்லை.

தவசி கொண்டு வந்த சீட்டு என் கையில்தான் வந்தது. அவர் அப்போது குளிக்கப் போயிருந்தார். "ஊருக்குள்ள வாந்திபேதி தாயி, பிரசிடெண்ட கையோட கூட்டியாரச் சொன்னாக" என்றான் தவசி. நான் அவனுக்கு மோர் கொடுத்து, "சொல்றேன், நீ போ" என்று அனுப்பினேன். சீட்டை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரே வாரத்தில் இதே நோயில் போனது உங்களுக்குத் தெரியும். சீட்டைப் பார்த்தால் அவர் ஒரு நொடி நிற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். போனால் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற பயம் மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது. இரண்டு நாள் அந்தப் பானையிலிருந்து அரிசி எடுத்து உலை வைத்தேன். இரண்டு நாளும் ஒரு கவளம் உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"எப்ப வந்துச்சு?" என்றார்.

"முந்தாநாள்."

என்னைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "யாரு கேட்டாலும் எங்கிட்டதான் வந்துச்சுன்னு சொல்லு. ஓன் பேரு வெளிய வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கிருந்து இன்றைக்குவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணே, இனி நான் ஓட்டுக் கேட்கவில்லை. முதல் கையும் கேட்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் தூக்குங்கள். ஆனால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

சம்பங்கி மாலையை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

அன்னக்கொடி


கருங்காலிப்பட்டி
11-1-1938

என் தங்கை அன்னக்கொடிக்கு,

சீர் வண்டியோடு இந்தக் கடிதத்தைத் தவசி கொண்டு வருகிறான். முதலில் கடிதத்தைப் படி, பிறகு வண்டியைப் பார்.

நேற்றுத் தேர்தல். மாப்பிள்ளை கட்டிய பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. வெளியே ஊரே நின்றது. ராவுத்தர் பக்கத்து மெம்பர் காளை எடுத்த எடுப்பில் கேட்டான்: "ஊரு சாகையில பிரசிடெண்டு எங்க இருந்தாரு? கடுதாசி போச்சா, போகலையா?"

மாப்பிள்ளை எழுந்தார். "போச்சு. எங்கிட்டதான் வந்துச்சு. ரெண்டு நாள் தாமசமானது என் தப்பு" என்றார்.

அன்னக்கொடி, எனக்கு மட்டும்தான் தெரியும் அந்த மனிதர் யாருக்காக நிற்கிறார் என்று. எழுந்து கத்தலாமா என்றிருந்தது. உன் பேரைக் காக்க அவர் தன் பேரை அத்தனை பேர் முன்னால் இறக்கி வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராவுத்தர்தான், "காள, அதக் கெளறாத. எல்லாருந்தான் பயந்து கெடந்தோம்" என்று அடக்கினார்.

உன் கடிதம் வந்த அன்றே மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் போய்விட்டது. கோபம் போன பிறகு கை தானாக எழும் என்று நினைத்தேன். எழவில்லை. ஐந்து நாள் யோசித்தேன். பிறகு ஒன்று புரிந்தது. தப்பு அவர் மேலும் இல்லை, புருஷன் உயிருக்குப் பயந்த உன் மேலும் நான் போடமாட்டேன். ஆனால் ஊரில் ஆள் சாகும்போது ஒரு சீட்டு முப்பது மைல் போய் ஒரு வீட்டு வாசலில் காத்திருக்கிற தூரத்தில் பிரசிடெண்ட் இருக்கக்கூடாது. அவர் ஊரில் இருந்திருந்தால் சீட்டே வேண்டியதில்லையே.

தேர்தல் நடத்த வந்த ஆபீசர் முதலில் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். நான் நினைக்காத ஒன்று நடந்தது. மாப்பிள்ளை பக்கத்து மெம்பர்கள் பால்பாண்டியும் சோணைமுத்துவும்கூடக் கை தூக்கவில்லை. மாமன் கை எழாமல் நம் கை எழலாமா என்று அவர்கள் என் முகத்தையே பார்த்தபடி இருந்துவிட்டார்கள். "ஒருத்தருமே இல்லையா?" என்று ஆபீசர் இரண்டு தடவை கேட்டார். அவரையும் சேர்த்து மூன்று பேராவது தூக்குவார்கள், கௌரவமாகத் தோற்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கைகூட இல்லாமல் அவரை நிற்க வைத்துவிட்டேன்.

பிறகு ராவுத்தர் பெயரைச் சொன்னார். நான் கை தூக்கினேன். காளை தூக்கினான், ராவுத்தர் பக்கத்து மற்றவர்களும் தூக்கினார்கள். கடைசியில் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பால்பாண்டியைப் பார்த்தார், தன் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மிச்சக் கைகளும் எழுந்துவிட்டன. ஏழு கை, அன்னக்கொடி! தோல்வியே இல்லாமல் ஆக்கிவிட்டார் மனிதர். அதோடு விடவில்லை. நீ கொடுத்தனுப்பிய சம்பங்கி மாலையைக் கூடையிலிருந்து எடுத்து, ராவுத்தர் கழுத்தில் தானே போட்டார். ராவுத்தர் அழுதுவிட்டார். வெளியே நின்ற சனம், "வெள்ளைத்துரைக்கு ஜே" என்றுதான் கத்தியது. ராவுத்தருக்கு ஜே அதற்குப் பிறகுதான்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "மச்சான், வீட்ல சோறு இருக்கா?" என்றார். சாப்பிடும்போது, "அன்னக்கொடி எழுதுனாளா?" என்று கேட்டார். எழுதினாள் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

இப்படி ஒரு மாப்பிள்ளை எந்த ஊரில் யாருக்கு வாய்த்திருக்கிறார்? அவருக்கு நான் கை தூக்கவில்லை. ஆனால் அவரை நினைத்துப் பெருமைப்பட்டதுபோல நான் வேறு எவரை நினைத்தும் பெருமைப்பட்டதில்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

சேலை அரக்கு நிறம்தான்.

உன் அண்ணன்
சோணை


வில்லாபுரம்
13-1-1938, போகி

அண்ணே,

தவசி கிளம்பத் தயாராக நிற்கிறான். அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் வண்டி மாடு இரண்டும் அவிழ்த்தாகிவிட்டது. அவிழ்த்தது உங்கள் மாப்பிள்ளை. கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு, "என் மச்சான் சீரு. திருப்புறதுக்கு நீ யாரு?" என்றார். நான் எங்கே திருப்பினேன்? புதுப்பானைக்கு மஞ்சள் கட்டியாகிவிட்டது. சேலை கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். நிறம் நன்றாக இருக்கிறது, அண்ணிக்குச் சொல்லுங்கள்.

பிரசிடெண்ட் கழுத்தில் விழ வேண்டும் என்றுதானே மாலை கட்டச் சொன்னேன். பிரசிடெண்ட் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது. போட்ட கை என் வீட்டுக்காரர் கை. எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மலையாண்டியிடம் நடந்ததைச் சொன்னேன். வாத்தியாரிடம் இதையும் சொல்லப் போகிறானாம்.

ஆனால் அண்ணே, அவர் என் தப்பைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் நின்றார் என்று படித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பிரசிடெண்ட் பெண்டாட்டியாக இருந்தவரைக்கும் அந்தப் பேருக்காகப் பயந்தேன். இனி நான் சோணை தங்கச்சி, வெள்ளைத்துரை பெண்டாட்டி. இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்கள். நான் மட்டும் ஒளிந்து நடப்பதா?

தை இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வாரேன். அவரிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றார், பிறகு, "சரி, நானும் வாரேன்" என்றார். ரோட்டு முக்குக்குத் தவசியை வண்டியோடு அனுப்புங்கள். நம் வீட்டுக்கு வண்டியை விடச் சொல்லாதீர்கள். முதலில் மாயக்காள் வீட்டுக்கு. அவள் புருஷன் சுடலை இருப்பான், அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கும். அவர்கள் முன்னால் நான் நின்று, அந்தச் சீட்டு யார் கையில் இருந்தது என்று என் வாயால் சொல்ல வேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சொல்லி முடித்து அவர்கள் என்னை உள்ளே விட்டால் அங்கேயே பொங்கல் சாப்பிடுகிறேன். விடாவிட்டால் உங்கள் வீட்டுக்கு வாரேன், எனக்கு ஒரு இலை போட்டு வையுங்கள்.

உங்கள் தங்கை
அன்னக்கொடி