நோட்டில் எழுதாத சொற்கள்

அன்பு மகள் சிந்தியாவுக்கு,

பேரன் நீலை இன்று ஒன்றரை வயதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இதற்குள் பத்துச் சொல்லாவது பேசாவிட்டால் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்று புனேவுக்குக் கிளம்பும்போது சொன்னாய். நியாயம்தான். அதிகம் பேசாத என்னிடம் வளர்ந்தால் அவனுக்குப் பேச்சு எப்படி வரும் என்று எனக்கும் சந்தேகம்.

மூன்று வாரமாகத் தேதி போட்டு எழுதிய நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

"அம்மா, தாத்தா, பூ, காக்கா. இவ்வளவுதானா சார்?"

துணைக்கு வந்திருந்த நம் வீட்டு வேலைக்காரம்மா ரத்னம்மாதான் குறுக்கிட்டாள். "சோத்துக்கு ஊட்டா, பாலுக்கு ஹாலு, வேண்டாம்னா பேடா, இதெல்லாம் எங்க சார்? எங்கிட்ட தினம் வாயடிக்கிறானே."

"அதெல்லாம் கன்னடமாச்சே, ரத்னம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நான் என்ன தமிழ்ப் பரீட்சையா வைக்கிறேன்? எந்த பாஷையும் சேரும், எழுதுங்க."

ரத்னம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் பதின்மூன்று. ஊசியைக் கண்டதும் அவனே "பேடா, பேடா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

காப்பகத்தைப் பற்றி நீயே முடிவு செய்; நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாளையிலிருந்து அவனோடு நிறையப் பேசலாம் என்றிருக்கிறேன். எதைப் பற்றிப் பேசுவது என்று மட்டும் எழுது.

உன் அப்பா