உப்பை விட்ட உப்பளக்காரர்

இன்று பெரிய வெள்ளிக்குக் கோயிலில் ஊற்றிய கஞ்சியில் உப்பே இல்லை. சுற்றிலும் உப்பு மலை மலையாகக் கிடக்கிற மரக்காணத்தில் கஞ்சிக்கு உப்பு போட மறந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த நாளில் ஒரு விதவைக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் ஊர் என்ன நினைக்கும்? எல்லாம் உங்களால்தான்.

தவக்காலத்தில் கறியை விடுவார்கள், பீடியை விடுவார்கள். நீங்கள் அந்த வருடம் உப்பை விட்டீர்கள். அதுவும் பாத்தியில் உப்பு வாரும் பங்குனி வெயிலில்! எதற்கு இந்த நேர்த்திக்கடன் என்று கேட்டால், "அது எனக்கும் மாதாவுக்கும்" என்றீர்கள். "நாள் பூரா உப்புத் தண்ணியில நிக்கிறேன், கால் வழியா ஏறாதா டீச்சரம்மா?" என்று, உயிரியல் எடுக்கிற என்னிடமே கேட்டீர்கள். ஏறாது என்று கத்தினேன். குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பளத்துக்குப் போனீர்கள்.

ஒரு நாள் உங்களோடு வேலை செய்யும் காளியப்பன் பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தார். "டீச்சர், அண்ணன் ஏதேதோ பேசறாரு. வார வேண்டிய பாத்தியோட வரப்ப வெட்டித் தண்ணிய உட்டுட்டாரு. ஆளும் உழுந்துட்டாரு!"

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சோடியம் அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். நீங்கள் கண் திறக்கும்வரை எனக்கு உயிரில்லை. திறந்ததும் கோபத்தில் பாடமே எடுத்துவிட்டேன். நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். அதன் சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அந்தப் பொட்டாசியத்திலும் கொஞ்சம் வெளியே கசியும். அதனால்தான் ஓய்வில் உள்பக்கம் நெகட்டிவ். நரம்பு எந்தச் சேதியும் அனுப்பாமல் இருக்கும்போதும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், நின்றால் அந்த மின்சாரம் மெல்லப் போய்விடும் என்றேன்.

"சும்மா இருக்கிறதுக்கே இவ்ளோ வேலையா?" என்று கேட்டீர்களே! பக்கத்துக் கட்டில் நோயாளிகூடச் சிரித்தார்.

பிறகு மெதுவாக, "உன் விரலு இப்ப எப்டி இருக்குது?" என்றீர்கள்.

அப்போதுதான் புரிந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, என் வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்த வருடம் அது. சாக்பீஸ் கையில் இருப்பதே தெரியாது. வேலையை விட வேண்டியிருக்குமோ என்று உங்களிடம் மட்டும் அழுதிருந்தேன். அதற்காகவா இந்த நேர்த்தி? உங்கள் கழுத்தை நெரித்திருப்பேன், விரலில் பலமில்லை. நெற்றியில் முத்தம் கொடுத்தேன், நர்ஸ் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஆபரேஷனில் என் கை சரியானது. டாக்டர் என்பேன் நான். "பாதியில நின்னாலும் மாதா கணக்குல ஏத்துக்கிட்டா" என்பீர்கள் நீங்கள். கடைசிவரை இந்தச் சண்டை ஓயவில்லை, அதில் எத்தனை சந்தோஷம் நமக்கு!

நீங்கள் போன அன்று, பெட்டியை மூடுமுன் உங்கள் கன்னத்தைத் தொட்டேன். இரண்டு நாள் தாடி. ஒவ்வொரு முள்ளும் விரலில் தனித்தனியாகத் தெரிந்தது. டாக்டரோ மாதாவோ, இனி நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தக் குறுகுறுப்பு என் விரலில் இன்னும் இருக்கிறது.