வராதே என்று சொன்ன அத்தைக்கு

அன்பும் அதட்டலும் சரிபாதி கலந்த என் அத்தைக்கு,

விசா ஆபீசிலிருந்து இன்று பதில் வந்துவிட்டது. என்ன பதில் என்று உடனே கேட்காதீர்கள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு விஷயத்தையாவது என்னை முழுதாகச் சொல்ல விட்டிருக்கிறீர்களா? இப்போது குறுக்கே பேச உங்களுக்கு வழியில்லை. முறையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் மகன் வெளிநாட்டுக்குத் தையல் வேலைக்குப் புறப்பட்டபோது, சட்டம் என்ன சொல்கிறது என்று நம் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். ஒரு வருடம் இடைவிடாமல் அங்கே இருந்து வேலை பார்த்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள மனுப் போடலாம். நடுவில் எதற்காக நாட்டை விட்டு வெளியே வந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணமோ சாவோ, சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். "ஒரு வருசந்தானட்டி, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்று எனக்குத் தைரியம் சொன்னீர்கள். அந்த வருடம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது நீங்கள் படுத்துவிட்டீர்கள்.

அவர் டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, பிடுங்காத குறையாக என்னிடமிருந்து போனை வாங்கினீர்கள். "வராதல. நீ வந்து நின்னா எனக்கு உசிரு திரும்பவா போவுது? வந்தேன்னா விசா போயிரும். இவளும் பிள்ளையும் உங்கிட்ட வந்து சேரணும். வராத."

அவர் வரவில்லை. உங்கள் பேச்சை ஒருநாளும் தட்டாத பிள்ளை, அன்றைக்கும் தட்டவில்லை.

அடக்கத்தின்போது பக்கத்து வீட்டு நேபாளத்துச் சுனிதாதான் என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே அவருக்கு வேலை நேரம். தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் நின்று தன் தாயைப் புதைப்பதைப் பார்த்தார், அத்தை. மண் போடும் நேரத்தில் அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

இவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய எங்கள் விசா மனு முதல் தடவையே தள்ளுபடியானது. காரணம் நான் சொன்ன ஒரு பதில்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் இருந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெண், "அங்க போய் நீங்க என்ன செய்வீங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "சும்மாவா இருப்பேன்? அவங்க தைக்கிற எடத்துலயே நானும் நின்னு நூல் பிசிறு வெட்டுவேன், மடிச்சுக் குடுப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குடும்பமாக வருகிறவர்கள் அங்கே வேலை செய்யக் கூடாதாம். செய்யப்போகிறேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

திருப்பூர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி வேலைக்காரி வேறு என்னத்தைச் சொல்வாள்? நாம் திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிய நாளில் கான்ட்ராக்டர் நம்மிடம் முதலில் கேட்டதே, "ஏனுங்க, ஊட்டுல எத்தன பேருங்க வேலைக்கு வருவீங்க?" என்றுதானே? மூன்று பேர் என்றதும் மனுசனுக்கு முகமெல்லாம் பல். கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடும் பிடித்துக் கொடுத்தார். உங்கள் மகன் ஓவர்லாக் மெஷினில் உட்கார, நீங்கள் கீழே சாக்கை விரித்து நூல் பிசிறு வெட்ட, நான் செக்கிங் டேபிளில் நிற்க, உங்கள் பேத்தி ஜெனி பனியன் கட்டுகளின் மேல் தூங்கி வளர்ந்தாள். நான் ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்தால், "ஏட்டி மேரி, செவுரு விழுந்துராது, நீ பிடிக்காண்டாம்" என்பீர்கள். உங்களிடம் பழகியவளுக்குச் சும்மா இருப்பேன் என்று சொல்ல வாய் வருமா?

கான்ட்ராக்டர் ஒன்றும் தர்மவான் இல்லை, அவருக்குத் தேவை நம் கைகள். ஆனாலும் அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது அவருக்கு இடைஞ்சலாக இல்லை. அங்கே அது இடைஞ்சல். வருடம் முழுக்கத் தைக்கலாம், சம்பளத்தில் வரி கட்டலாம், பெண்டாட்டி பிள்ளையைப் பற்றி மட்டும் நினைக்கக் கூடாது. அதே தொழிற்சாலைக்கு நம் நாட்டிலிருந்து ஒரு என்ஜினியர் போயிருக்கிறார். அவர் போன அன்றே மனைவியும் போய்விட்டாள், அவர்கள் வளர்க்கும் நாயும் போய்விட்டது. பெரிய சம்பளக்காரருக்குக் காத்திருப்பே கிடையாதாம். சம்பளம் பெரிதாக இருந்தால் பாசமும் பெரிதாகிவிடுமா, அத்தை?

யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்ய எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நம் காம்பவுண்டில் வடக்கத்திக் குடும்பங்கள் குடிவந்தபோது, "எங்கெருந்தெல்லாமோ வந்து நம்ம தண்ணியப் பிடிக்காளுவ" என்று குழாயடியில் முணுமுணுத்தவர் நீங்கள்தான். கூடச் சேர்ந்து முணுமுணுத்தவள் நான். நாமே இங்கே பிழைக்க வந்தவர்கள் என்பது அப்போது இருவருக்கும் வசதியாக மறந்துபோனது. ஆனால் ஓர் ஆளை வா என்று கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்ட பிறகு, அவன் பிள்ளைக்கு மட்டும் வாசலில் நில் என்பது எந்த ஊர் நியாயம்? சுனிதா தன் நாட்டிலிருந்து புருசன் பிள்ளையோடு வந்தாள், நிட்டிங் கம்பெனியில் இருவரும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் விசாவே வேண்டாமாம். அவர்கள் வந்ததால் திருப்பூர் எதிலும் குறைந்துபோகவில்லை.

இரண்டாவது மனுவுக்கு உங்கள் மகன் வேலை பார்க்கும் கம்பெனிக்காரர்களே கடிதம் கொடுத்தார்கள். போன வாரம் மறுபடி சென்னைக்குப் போனேன். அதே கண்ணாடி, அதே பெண், அதே கேள்வி. "சோறு பொங்குவேன். பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். ராத்திரி மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்" என்றேன். "வேலைக்குப் போவீங்களா?" என்றாள். "போக மாட்டேன்" என்றேன். சின்ன வயதிலிருந்து நானே சம்பாதித்துச் சாப்பிட்டவள். சட்டத்தை மீற மாட்டேன், சொன்னபடி வீட்டில்தான் இருப்பேன். அதற்காக அந்தச் சட்டம் சரி என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

கிடைத்துவிட்டது, அத்தை. எனக்கும் ஜெனிக்கும் கிடைத்துவிட்டது. மதியம் செக்கிங் டேபிளில் நிற்கும்போது போன் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த மாதமே போய்ச் சேர வேண்டுமாம். உங்கள் முதல் வருடப் பூசைக்கு உங்கள் மகனும் இல்லை, நானும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று நான் புலம்பியதைக் கேட்டு, "நான் இருக்கேன்ல அக்கா. எத்தனை ஏத்தணும், அத மட்டும் சொல்லு" என்றாள் சுனிதா. அவள் கும்பிடுவது வேறு சாமி. நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகனிடம் இதுவரை சொல்லாத ஒன்று என் நெஞ்சில் கிடக்கிறது. போன் பேசும்போதெல்லாம் கேட்கிறார், "அம்மை கடைசில என்னத் தேடினாளா?" என்று. "இல்ல, வராதன்னுதான் சொன்னாவ" என்கிறேன்.

போனை என் கையில் கொடுத்த பிறகு நீங்கள் வாசலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தீர்கள். நர்ஸ் வந்து திருப்பிப் படுக்கவைக்கப் பார்த்தும் சம்மதிக்கவில்லை. வராந்தாவில் யார் நடந்தாலும் தலையைத் தூக்கினீர்கள். போவதற்கு முன்னால், "வந்துட்டானாட்டி?" என்று கேட்டீர்கள். "வந்துகிட்டே இருக்காவ, அத்தை" என்றேன். தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இதைப் போனில் எப்படிச் சொல்வேன்? நாலைந்து பேர் படுக்கும் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு தனியாக அழுவார். அங்கே போய்ச் சேர்ந்து, சோறு பொங்கிப் போட்டு, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். நீங்கள் அவரைத் தேடினீர்கள் என்று சொல்வேன். அவர் அழுது முடிக்கிறவரை கையை விட மாட்டேன். இது சத்தியம், அத்தை.

உங்கள் மகனிடம் போய்ச் சேரப்போகும்
உங்கள் மருமகள்
மேரி